சங்கு ஊதியும் நிற்காத பேச்சு

ஏழு மாதம் நான் ஒரு சத்தத்துக்குள் அடைபட்டுக் கிடந்தேன். அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி வெளியே எடுத்தார் என்பதைச் சபையார் முன் சொல்லும்படி போதகர் ஐயா பல தடவை கேட்டார். மேடையில் நின்று சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

அந்தச் சத்தம் மில் சங்கு. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நூற்பாலைகள் அதிகம். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் ஒவ்வோர் ஆலையும் சைரன் ஊதும். அதைத்தான் சங்கு என்கிறோம். சங்கு ஊதும்போது ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பேச மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. பாதிச் சொல்லில் நிறுத்துவோம், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். கல்யாணப் பேச்சும் அப்படித்தான், குழாயடிச் சண்டையும் அப்படித்தான். எங்கள் போதகர் ஐயாவே பிரசங்கத்தின் நடுவில் உயர்த்திய கையை இறக்காமல் அப்படியே நிற்பார். சங்கு ஓய்ந்ததும் கை இறங்கும், வாக்கியம் முடியும். யாரும் சிரிக்க மாட்டார்கள். எங்களுக்கு அது பழக்கம்.

அந்தப் பழக்கத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு நாளிதழுக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி நிருபராக இருந்தேன். விபத்து, தீ, ஊர்வலம், தேர்தல் எதுவானாலும் போய்ப் பார்த்து, பெயர், வயது, ஊர் கேட்டு எழுதி, கவரில் போட்டு மதுரை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவேன். விபத்து நடந்த இடத்தில் ஒரு நாளும் என் கை நடுங்கியதில்லை. அதை ஒரு தகுதியாகவே நினைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு மில் கேன்டீன் பற்றித் தொழிலாளர்களுக்கு இருந்த குறையைக் கேட்டு எழுதப் போயிருந்தேன். காலை எட்டு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பஞ்சு குடோன் வழியாகப் போனால் நனையாமல் போகலாம் என்று லோடுமேன் ஒருவர் என்னை அழைத்துப் போனார். குடோனின் பக்கச் சுவர் மழையில் ஊறியிருந்தது. முதலில் கூரை ஓடுகள் சரியும் சத்தம் கேட்டது. அடுத்தது சுவர். அதன் பின் கூரைவரை அடுக்கியிருந்த பஞ்சு பேல்கள், இறுக்கிக் கட்டிய பெரும் பொதிகள்.

நான் குப்புற விழுந்திருந்தேன். வலது கால் ஒரு பேலுக்கு அடியில் இருந்தது. முகத்துக்கு முன்னால் ஒரு முழம் இடம். ஈரப் பஞ்சின் வாடை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

"சார், இருக்கீகளா?" இடது பக்கம், கைக்கு எட்டாத தூரத்திலிருந்து அந்த லோடுமேனின் குரல் வந்தது.

"இருக்கேன். நீங்க?"

"இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல சார். வலிக்கவும் இல்ல. அதான் பயமா இருக்கு."

என் பயத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கேள்வி கேட்பது. பெயர் கேட்டேன். செல்லையா என்றார். ஊர் வன்னியம்பட்டி. மனைவி பெயர் காளியம்மா.

"பேப்பர்ல போடவா கேக்கீக?"

"ஆமா."

"அப்ப பேர ஒழுங்காப் போடுங்க சார். போன தடவ எங்க யூனியன் தலைவர் படத்துக்குக் கீழ எதிரிப் பய பேரப் போட்டுட்டீக. மனுசன் ரெண்டு நாளு சோறு திங்கல."

இருவரும் சிரித்தோம். அந்த இடத்தில் சிரித்தோம் என்பதை நான் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

செல்லையாவின் குரல் போகப் போக மெலிந்தது. நான் கேட்பதை நிறுத்தவில்லை. எந்த ஷிப்டில் வேலை, எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மேலே கடப்பாரை, மண்வெட்டிச் சத்தம். திடீரென்று அது நின்றது. "எல்லாரும் செத்த நேரம் சத்தம் போடாதீக, உள்ள கொரலு கேக்குதான்னு பாப்போம்" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் செல்லையா பேசினார்.

"சார், ஒருவேள நான் வராட்டி, காளியம்மாகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. நம்ம வெள்ளாட்ட..."

பக்கத்து ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

"சங்கு முடியட்டும்" என்றேன்.

அவரும் நிறுத்திக்கொண்டார். இருபது வருஷம் மில்லில் வேலை பார்த்தவர். இடிபாட்டுக்குள் கிடந்தபோதும் இரண்டு பேரும் மரியாதையாகச் சங்கு முடியக் காத்திருந்தோம். சங்கு ஓய்ந்தது. மேலே மறுபடியும் கடப்பாரை விழத் தொடங்கியது. நான் கத்தியது அதில் மூழ்கிப் போனது. "சொல்லுங்க செல்லையா" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. எதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் வழக்கமுள்ள நான் அதை மட்டும் எண்ணவில்லை.

மாலை நாலரை மணிச் சங்குக்குச் சற்று முன்னால் என்னை வெளியே எடுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, அது கூடிவிடும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது நாலரைச் சங்கு ஊதியது. நான் கத்தினேன். வலியில் கத்துகிறேன் என்று நினைத்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சங்குக்கும் நான் குடோனுக்குள் இருந்தேன். இதை உவமையாகச் சொல்லவில்லை. சங்கு தொடங்கியதும் வீடு மறைந்துவிடும். முகத்துக்கு முன்னால் ஒரு முழம் இடம், ஈரப் பஞ்சு வாடை, இடது பக்கம் ஒரு மனிதர். சங்கு முடிந்ததும் அவர் பேசுவார் என்று காத்திருப்பேன். அவர் பேச மாட்டார். ஒரு நாளில் ஊதும் சங்குகளைக் கணக்கெடுத்தால், ஒன்றின் நடுக்கம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். இடையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அடுத்த சங்குக்கான காத்திருப்புதான்.

என் மனைவி எஸ்தர் பாவம், காதை அடைத்துக்கொள்ளுங்கள் என்று பஞ்சு எடுத்து வந்தாள். அந்தப் பஞ்சைப் பார்த்ததும் நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அவளும் தரையில் படுத்து, என் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "இல்லங்க, தூரப் போட்டுட்டேன், தூரப் போட்டுட்டேன்" என்று அழுதாள்.

வேலைக்குப் போகவில்லை. வன்னியம்பட்டிக்கும் போகவில்லை. ஒரு மனிதர் கடைசியாக என்னிடம் கொடுத்த சொல்லை அவர் வீட்டில் சேர்க்க வேண்டும். ஆனால் என்னிடம் இருப்பதோ பாதி வாக்கியம். மீதியைக் கேட்க விடாமல் செய்தவன் நான். அந்த அம்மா முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? செல்லையாவை ஓயாமல் பேச வைத்து அவருடைய மூச்சைத் தீர்த்ததும் நான்தான் என்று நம்பினேன். காலை முதல் மாலை வரை இதையே நினைத்தேன்.

சபையார் வந்தார்கள். ஜெபித்தார்கள். உபவாசமும் இருந்தார்கள். அவர்களுடைய அன்பை நான் குறை சொல்லவில்லை. ஒரு சகோதரர் மட்டும், "அண்ணே, உயிரோட எடுத்துட்டாருல்ல, இன்னும் பயந்தீகன்னா அது விசுவாசக் குறைச்சல்" என்றார். அவர் படியிறங்கிப் போன பிறகு சங்கு ஊதியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் எட்டு மணி என்னைக் கடந்துதான் போக வேண்டும்.

மாசி மாதம் எஸ்தர் ஒரு முடிவு எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் அவளுடைய அக்கா வீடு இருந்தது. அங்கே போய்விடலாம், மில் சங்கு அந்தத் தெருவுக்குக் கேட்காது என்றாள். ஆட்டோவில் திரையைப் போட்டுக்கொண்டு போனோம். அந்த வீட்டில் முதல் நாள் காலை எட்டு மணி சத்தமில்லாமல் கடந்தது. எஸ்தரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோசை சாப்பிட்டேன். பேப்பரைக் கையில் எடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதியது.

ஊருக்கு நேரம் சொல்ல ஊதும் சங்கு அது. எத்தனையோ தடவை அந்த நகராட்சி அலுவலகத்துக்குச் செய்தி எடுக்கப் போயிருக்கிறேன். அந்தச் சங்குக்கு அடியிலேயே நின்று குறிப்பு எழுதியிருக்கிறேன். அது எனக்கு நினைவு வரவில்லை. எஸ்தருக்கும் நினைவு வரவில்லை. அடுப்படி மூலையில், அம்மிக்கும் சுவருக்கும் நடுவில் என்னைக் கண்டெடுத்தார்கள். ஓடி ஒளிய இன்னோர் ஊர் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரம் அக்கா கொல்லைக் கிணற்றுக்கு இரும்பு மூடி வாங்கிப் போட்டுப் பூட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சித்திரை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை காலை என்னுடைய பழைய நிருபர் நோட்டு ஒன்றில் ஒரு ஜெபம் எழுதினேன். வாயால் சொல்லி அலுத்துப்போயிருந்தது. அதுவரை, ஆண்டவரே, பயத்தை எடுத்துப்போடும் என்று கேட்டிருந்தேன். சங்கை நிறுத்தும் என்றும் கேட்டிருக்கிறேன். அன்று எழுதியது இவ்வளவுதான்: "வருகிற எல்லாரும் வெளியே நின்று கூப்பிடுகிறார்கள். உள்ளே இருந்த ஒருவரை அனுப்பும்." பக்கத்திலேயே நேரமும் குறித்தேன். அது தொழில் பழக்கம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், ஆண்டவர் பதில் தரவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு அடிக்க இருபது நிமிஷம் இருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, சங்குக்கு விழுற தம்பி வீடு இதானா?"

நாற்பது வயதைத் தாண்டிய பெண். நெற்றியில் திருநீறு. இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை பழைய தீக்காயத் தழும்பு. கக்கத்தில் ஒரு பை. எஸ்தர் பதில் சொல்லும் முன்பே உள்ளே வந்து, என் எதிரில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து நீளமான கட்டுத்துணியை எடுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றும் துணி. அதை வீட்டில் வைத்துச் சுருட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தொழில்.

"எம்பேரு முத்துப்பேச்சி. மூணு தெரு தள்ளி இருக்கேன். இந்த முனையப் பிடிங்க."

"எதுக்கு?"

"சுருட்டத்தான். கை சும்மாத்தான இருக்கு?"

பிடித்தேன். அவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. "பன்னெண்டுக்கு ஒண்ணு. பொறவு எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். அஞ்சு மணிக்கு என்றேன். "சரி" என்றார். எதிர்வீட்டுச் சேவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அது இவர் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு இவரைப் பார்த்தே கூவுகிறதாம்.

சங்கு ஊதியது.

நான் துணியை விட்டுவிட்டேன். சுவர் நெருங்கியது. பஞ்சு வாடை வந்தது. ஆனால் இடது பக்கம் இருக்க வேண்டிய அமைதி அன்று இல்லை. முத்துப்பேச்சி அக்கா பேச்சை நிறுத்தவில்லை. சங்குக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேவல நான் என்ன செஞ்சேன்? சொல்லுங்க! என்னப் பாத்துத்தான் கூவுது! அந்த வீட்டுக்காரிகிட்டச் சொன்னா, ஒனக்கும் ஒரு ஆம்பள கூப்பிட்டா நல்லதுதானக்கான்னு சொல்லுதா! எம்புட்டுக் கொழுப்பு அவளுக்கு! துணிய விடாதீக, மண்ணாகுது!"

எங்கள் பக்கத்தில் சங்கு ஊதும்போது பேசுகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அப்படியும் பேசலாம் என்பதே எனக்குத் தெரியாது. சங்கு ஓய்ந்தபோது நான் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் இருந்தது எஸ்தரின் அக்கா வீட்டுக் கூடம். துணியின் முனை என் கையில் இருந்தது. எப்போது மறுபடியும் பிடித்தேன் என்று தெரியவில்லை.

"ஏன் சங்குக்கு முன்னாலயே வந்தீங்க?" என்று கேட்டேன். அந்த ஆறு மாதத்தில் இன்னொருவரைப் பற்றி நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"பொறவு வந்து என்னத்துக்கு? பொறவு வாரதுக்குத்தான் ஊரே இருக்கே."

அப்புறம் அவர் என்னை உற்றுப் பார்த்தார். "என்னத் தெரியலயா தம்பி? தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேல எனக்கு. அங்க பிடிச்ச தீயில ஷட்டருக்கு உள்ள மாட்டினேன். ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக் கெடக்கையில நீங்க வந்து நர்ஸ்கிட்ட எம்பேரு, வயசு, ஊரு கேட்டீக. பொறவு வரல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார். அது எனக்குக் குத்தலைவிட அதிகமாக வலித்தது. அன்று மாலை எஸ்தரை ராஜபாளையம் அனுப்பிப் பழைய நோட்டுகளை எடுத்துவரச் சொன்னேன். நாலாவது நோட்டில் இருந்தது. முத்துப்பேச்சி, வயது, ஊர், அதற்கு எதிரில் என் கையெழுத்தில் "பேச இயலவில்லை". அந்தப் பக்கத்தையும் திங்கட்கிழமை எழுதிய ஜெபத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த ஒருவரை அனுப்பும் என்று கேட்டிருக்கிறேன். அந்த ஒருவர் என் நோட்டிலேயே பல வருஷமாக இருந்திருக்கிறார். நான் முழங்காலில் நின்றேன். ஆறு மாதத்தில் பயத்தினால் அல்லாமல் முழங்காலில் நின்றது அன்றுதான்.

மறுநாள் இதை அவரிடம் சொன்னேன். "உங்க சாமி அனுப்புனாரோ, எங்க மாரியாத்தா அனுப்புனாளோ, எனக்கு என்ன தெரியும்? தக்காளி விக்கிறவ சொன்னா, வந்தேன்" என்றார். ஆண்டவர் தக்காளிக்காரம்மா வழியாகவும் பேசுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பத்து நாள் தவறாமல் வந்தார். பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் முன்னால். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டபோது திட்டினார். "டாக்டரு குடுத்தத அவரக் கேக்காம நிறுத்துவீகளோ? நான் என்ன டாக்டரா? நான் துணி சுருட்டுதவ." பதினோராவது நாள் பன்னிரண்டுக்கு வந்தவர், எழும்போது தயங்கினார்.

"தம்பி, எனக்கு ஒரு ஒத்தாச. தீக்குச்சி ஒரச எனக்கு முடியாது. அந்த வாடை வந்தா ஷட்டர் மூடிக்கும். எதுத்த வீட்டுக்காரிதான் தெனமும் அடுப்புப் பத்த வச்சுக் குடுப்பா. சேவல்காரிதான். அவ மக பிரசவத்துக்குத் திருமங்கலம் போயிட்டா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு நான் வரல. நீங்க வாரீகளா?"

எஸ்தர் ஏதோ சொல்ல வந்தாள். முத்துப்பேச்சி அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"வாரேன்" என்றேன்.

மூன்று தெரு. ஊன்றுகோலோடு கால் மணி நேரம் நடந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் வீட்டில் மண் அடுப்பில் விறகு அடுக்கித் தயாராக இருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் குச்சியை எடுத்தேன். அந்த நொடி சங்கு ஊதியது.

குச்சி கையிலிருந்து விழுந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் விழுந்தது. சுவரைப் பார்த்தபடி அவர் கத்தினார், "பேசுங்க தம்பி! நான் மட்டுந்தான் பேசணுமா? பேப்பர்காரருக்கு வாய் இல்லையாக்கும்!" எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "பேரு ஞானராஜ்! வயசு முப்பத்து நாலு! ஊரு ராஜபாளையம்!" என்று கத்தினேன். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது குச்சி பிடித்தது.

"பத்திருச்சா?"

"பத்திருச்சுக்கா."

"திரும்பலாமா?"

"திரும்புங்க."

திரும்பினார். முகம் முழுக்க வேர்வை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் அவரே காப்பி போட்டார். குடித்து முடித்த பிறகுதான் செல்லையாவைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பாதி வாக்கியத்தையும், சங்கு முடியட்டும் என்று நான் சொன்னதையும், நாங்கள் சிரித்ததையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "அந்தப் பேச்சு உங்களுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உரியவகிட்ட குடுத்துருங்க. நானும் வாரேன்."

வைகாசியில் ஒரு நாள் முத்துப்பேச்சி அக்காவும் நானும் வன்னியம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் ஏற எனக்கு நாலு பஸ் விட வேண்டியிருந்தது. காளியம்மா வீட்டு முன்னால் வேப்பமரத்தில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அக்கா முதுகில் கை வைத்தார்.

காளியம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "வருவீகன்னு பாத்தேன்" என்றார். "வெளிய எடுக்கையில ஒருத்தரு பக்கத்துல இருந்தாருன்னாக. ஒரு சொல்லு கூடவா சொல்லாமப் போயிருப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஏழு மாதமும் நான் அடைபட்டிருந்தேன் என்று எழுதினேன். அவரும் அடைபட்டிருந்திருக்கிறார். சாவி என்னிடம் இருந்திருக்கிறது. என்னைச் சுற்றிய இருட்டில் எனக்கு அது தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்டது, யூனியன் தலைவர் படம், எல்லாம். படக் கதையைக் கேட்டபோது அவர் உதடு லேசாக அசைந்தது. கடைசி வாக்கியத்துக்கு வந்தேன்.

"கடைசியா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு. 'நம்ம வெள்ளாட்ட'ன்னு ஆரம்பிச்சாரு. அப்ப சங்கு ஊதுச்சு. நான்தான் சங்கு முடியட்டும்னேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. என்ன மன்னிச்சிருங்க."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதாம்மா."

"இருங்க. என்ன சொன்னாரு? நீங்க சொல்லுறது வேண்டாம். அவரு சொன்னதச் சொல்லுங்க. நம்..."

அவர் நிறுத்தினார். காற்று வாக்கில் எங்கோ ஒரு ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கு மெலிதாகக் கேட்டது. மில்காரர் மனைவி. அவருக்கும் அதே பழக்கம்தான். வாயைப் பாதி திறந்தபடி, சங்கு முடிவதற்காகக் காத்து நின்றார்.

எனக்குள் குடோன் மூடத் தொடங்கியது. ஈரப் பஞ்சு வாடை. இடது பக்கம் ஒருவர் காத்திருக்கிறார். ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் ஜெபத்தில் சொல்லும் எதுவும் எனக்கு வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நிறுத்தாதீங்கம்மா! சங்கு கெடக்கட்டும், பேசுங்க! கேளுங்க!"

அவர் திடுக்கிட்டார். பிறகு குரலை உயர்த்திக் கேட்டார், "நம்ம வெள்ளாடுன்னா சொன்னாரு?"

"ஆமா! நம்ம வெள்ளாட்டன்னாரு!"

"சனியன்னு சொல்லலயா?"

"இல்லம்மா! நம்ம வெள்ளாடு!"

காளியம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சங்கு எப்போது ஓய்ந்தது என்று மூவரில் யாருக்கும் தெரியாது.

"அன்னைக்குக் காலையில இதுக்குத்தான் சண்ட" என்றார். "விக்கணும்னாரு. மாட்டேன்னேன். பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டாரு. வாசல்ல நின்னு, அந்தச் சனியனையே கட்டிக்கிட்டு அழுன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தக் கோவத்தோடயே போயிட்டாருன்னுதான் இன்னைக்கு வரைக்கும்..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு ஆட்டைப் பார்த்துச் சொன்னார், "கேட்டியாட்டி? நம்ம வெள்ளாடாம் நீ."

விற்கச் சொல்ல வந்தாரா, வைத்துக்கொள்ளச் சொல்ல வந்தாரா என்று அவர் என்னிடம் கேட்கவேயில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை. நான் கொண்டுபோன பாதி வாக்கியம் அந்த வீட்டுக்கு முழுசாக இருந்தது. நிருபராக ஆயிரம் பேர் பேச்சை எழுதியிருக்கிறேன். ஒருவர் சொன்ன சொல்லைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு நாங்கள் மூவரானோம். பஸ் கவிழ்ந்ததில் பிழைத்த கண்டக்டர் காதர் பாய் நாலாவதாகச் சேர்ந்தார். இதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. எங்காவது விபத்து என்று கேள்விப்பட்டால் முதல் வாரம் போக மாட்டோம். அப்போது ஊரே அங்கே இருக்கும். ஊர் கலைந்த பிறகு போவோம். என்ன நடந்தது என்று கேட்பதில்லை. எப்ப வரும் என்று கேட்போம். தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகையில் பிளவக்கல் பக்கம் காட்டாற்று வெள்ளம் வந்து தோட்ட வீடுகளை அடித்துப் போனது. அங்கே ஒரு குடும்பத்துக்கு அந்தப் பயம் சாயங்காலம் மலையில் மேகம் இறங்கும்போது வந்தது. மேகம் இறங்கும் முன்னால் காதர் பாய் போய் உட்கார்ந்துகொள்வார். முத்துப்பேச்சி அக்கா கட்டுத்துணியோடு போவார். காளியம்மா போனால் பேசவே மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைப்பார். சிலர் எங்களைத் துரத்தியும் இருக்கிறார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வாசலில் போய் நிற்போம்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. நான் முதலில் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் இன்னும் பதில் தரவில்லை. சங்கு இன்றும் ஊதுகிறது, கை இன்றும் நடுங்குகிறது. இரண்டாவது கேட்டதை நான் குறித்துவைத்த நேரத்திலிருந்து நாலாம் நாளே தந்தார். அதற்காக இந்தச் சபையின் முன் நான் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். அவர் குடோனுக்கு மேலே நின்று என்னைக் கூப்பிடவில்லை. உள்ளே வந்து, ஒரு தழும்புள்ள முகத்தோடு, துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

உங்களில் யாராவது இப்போது உள்ளே கிடக்கலாம். விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். டாக்டரையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எப்போது வரும் என்று மட்டும் எங்களிடம் சொல்லுங்கள், அதற்கு முன்னால் ஒருவர் வந்து உட்காருவார். வெளியே இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது உங்களிடம் மனம் திறந்து ஒரு வார்த்தை தொடங்கும்போது சங்கு ஊதினால், அது முடியட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். குரலை உயர்த்திக் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் சங்கு ஊதியது. போதகர் ஐயாவின் கை வழக்கம்போல உயர்ந்து நின்றது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். கையை இறக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை சத்தத்துக்கும் மேலே அந்த வாக்கியத்தை முடித்தார்.